நாற்பத்தேழாம் பாத்தி

ஒஸ்வல்ட் 1924ஆம் ஆண்டு இலங்கையில், மாத்தளையை அடுத்த உக்குவளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தார். தகப்பன் றப்பர் பால் வெட்டுகிறவர். மாதா கோயிலோடு ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்த பிறகு அவரை நாற்றுமேடை வேலைக்குப் போட்டார்கள். றப்பர் கன்றில் ஒட்டுக் கட்டுவதை அங்கேதான் பழகினார். அவர் கட்டிய ஒட்டு நூற்றில் தொண்ணூறு பிடிக்கும் என்று பெயர் வந்தது. இருபது வயதாகும்போது பக்கத்துத் தோட்டத் துரைமார் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டார்கள்.

1953இல் பல்கலைக்கழகம் ஒன்று மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவுக்குப் பக்கத்தில், பெரிய வீதியிலிருந்து இரண்டு மைல் உள்ளே, இருநூறு ஏக்கரில் விவசாய வளாகம் ஒன்றைத் திறந்தது. இரண்டு வருட டிப்ளோமா படிப்பு. பட்டணத்திலிருந்து விரிவுரையாளர்கள் வந்தார்கள். புத்தகங்கள் வந்தன. ஒட்டுக் கட்டத் தெரிந்த ஆள் மட்டும் இல்லை. யாரோ ஒஸ்வல்ட்டின் பெயரைச் சொல்ல, அவர் மனைவி திரேசம்மாவையும் கைக்குழந்தையான மரிய கொறற்றியையும் கூட்டிக்கொண்டு நாலந்தாவுக்குப் போனார். முதலில் நாள்சம்பளம். இரண்டு வருடத்தில் களக் கண்காணிப்பாளராக நிரந்தர நியமனம் கிடைத்தது. சிற்றூழியர் வரிசையில் இரண்டு அறையும் குசினியும் கொண்ட வீடு கொடுத்தார்கள்.

அந்த நியமனப் படிவத்தில் பிரஜாவுரிமைச் சான்றிதழின் இலக்கத்தைக் கேட்கும் கட்டம் ஒன்று இருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, இந்திய வழிவந்த தோட்டத் தமிழர்கள் அங்கேயே பிறந்திருந்தாலும் பிரஜாவுரிமையை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியிருந்தது. ஒஸ்வல்ட் 1951இலேயே பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார், பதில் வரவில்லை. எழுதுவினைஞர் அந்தக் கட்டத்தில் ‘பரிசீலனையில்’ என்று எழுதினார்.

பதில் 1957இல் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. பதினேழு வயதில் அவர் தாயோடு இந்தியாவில் துறையூர்ப் பக்கம் போய்ப் பதினான்கு மாதம் தங்கியிருந்தார். தொடர்ச்சியாக இந்த நாட்டில் வசித்ததற்கு அத்தாட்சி போதாது என்று கடிதம் சொன்னது. ஒஸ்வல்ட் அதை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில், கலியாணச் சேலைக்குக் கீழே வைத்தார். வளாகத்தில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பதின்மூன்று வருடங்கள் அப்படியே போயின.

அவருடைய வேலை காலை ஆறு மணிக்குத் தொடங்கும். எந்த வயலில் என்ன நட்டது, எத்தனை பேர் வேலைக்கு நின்றார்கள், மழை எத்தனை அங்குலம் என்பதையெல்லாம் ஒரு நீளமான கொப்பியில் தமிழில் எழுதி வைப்பார். அதற்குக் களக் குறிப்பேடு என்று பெயர். அதைப் படிக்கிறவர் பண்ணை முகாமையாளர் ஒருவர்தான். அவரும் ஓய்வுபெற்ற பிறகு யாரும் படிக்கவில்லை. ஒஸ்வல்ட் எழுதுவதை நிறுத்தவில்லை. மாணவர்கள் அவரிடம் பயமில்லாமல் பழகினார்கள். அதிகம் பேச மாட்டார். கன்றை யாராவது தவறாகப் பிடித்தால் கையிலிருந்து வாங்கி, சரியாகப் பிடித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

1970ஆம் ஆண்டு ஒக்டோபரில் அடுத்த பிரிவுக்கான அனுமதிப் பரீட்சை நடந்தது. எழுத்துப் பரீட்சையில் தேறிய அறுபத்து நான்கு பேர் செய்முறைப் பரீட்சைக்கு அழைக்கப்பட்டார்கள். இடங்கள் இருபத்து நான்கு. ஒஸ்வல்ட் முதல் நாளே அறுபத்து நான்கு பாத்திகள் வெட்டி, ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் சுட்டெண் எழுதிய முளைக்கட்டை அடித்து வைத்தார். பரீட்சார்த்தி தன் எண்ணுள்ள பாத்தியை மண்வெட்டியால் கொத்திப் பதமாக்கி, இருபத்து நான்கு மிளகாய் நாற்றுகளை நட வேண்டும். விரிவுரையாளர் பார்த்துப் புள்ளி போடுவார். நூற்றுக்கு எழுபது புள்ளி இந்தச் செய்முறைக்குத்தான்.

அன்று அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். சுட்டெண் நாற்பத்தேழு வரவில்லை. விரிவுரையாளர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு வரவுத் தாளில் ஒரு கோடு இழுத்தார். ஒஸ்வல்ட் அன்று மாலை குறிப்பேட்டில், ‘47 ஆள் வரவில்லை. பாத்தி சும்மா கிடக்கிறது’ என்று எழுதினார். நல்ல ஈரமண் வீணாகக் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நான்கு நாள் கழித்து அந்தப் பாத்தியில் கௌபிப் பயறு விதைத்தார். அதையும் எழுதினார். அதற்குப் பிறகு மாதக்கணக்காக மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே ஒரேயொரு கௌபிப் பாத்தி நின்றது. வளாகத்தின் தலைவரான பணிப்பாளர் வீரக்கோன் மாலையில் நடக்கப் போவது அந்த வழியாகத்தான்.

வந்தவர்களில் பெண்கள் மூன்று பேர். ஐம்பத்திரண்டாம் எண்காரி உக்குவளையைச் சேர்ந்த றமீஸா. அவளுடைய தகப்பன் கலந்தர் அந்த ஊரில் மிளகு, சாதிக்காய் வாங்கி விற்கிற வியாபாரி. முக்காட்டை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மண்வெட்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும், வீட்டுத் தோட்டத்தில் நன்றாக வேலை செய்த பிள்ளை என்று ஒஸ்வல்ட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவள் நட்ட நாற்றுகளில் ஒன்றும் வாடவில்லை.

முடிவுகள் 1971 ஜனவரியில் வளாக அலுவலகமான கந்தோரின் சுவரில் ஒட்டப்பட்டன. கலந்தர் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். றமீஸாவின் பெயர் இருபத்தைந்தாவதாக, காத்திருப்போர் வரிசையின் முதலில் இருந்தது. கலந்தர் பட்டியலை இரண்டு தடவை பார்த்தார்.

“சரி புள்ள. அல்லாஹ் எழுதினது அவ்வளவுதான். வா, பஸ் போயிரும்” என்றார்.

றமீஸா நகரவில்லை. “ஒரு இடம் வாப்பா. ஒரேயொரு இடம்” என்றாள்.

அவர்களுக்குப் பின்னால் நின்ற ஒஸ்வல்ட்டும் பட்டியலைப் பார்த்தார். பத்தொன்பதாவது இடத்தில் சுட்டெண் நாற்பத்தேழு இருந்தது. செய்முறைப் புள்ளி ஐம்பத்து மூன்று.

தகப்பனும் மகளும் போன பிறகு அவர் தலைமை எழுதுவினைஞர் ரவூபின் மேசைக்குப் போனார். ரவூப் மாத்தளையைச் சேர்ந்தவர். பதினைந்து வருடப் பழக்கம்.

“ரவூப் நானா, நாப்பத்தேழு வயலுக்கு வரலியே. எப்படிங்க புள்ளி வந்துச்சு?”

ரவூப் கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “இங்க பாருங்க ஒஸ்வல்ட். அது பல்கலைக்கழகத்துட ஆளுகைச் சபையில உள்ள ஒருத்தர்ட தங்கச்சி மகன். புள்ளித் தாள் மேலயிருந்து வந்திச்சி. நான் டைப் அடிச்சது மட்டுந்தான்.”

“வரவுத் தாளு?”

“அதெ நான் காணல்ல. நீங்களும் ஒண்டும் காணல்ல. போய் வேலயப் பாருங்க.”

ஒஸ்வல்ட் போய் வேலையைப் பார்த்தார். ஒரு வாரம் வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

அந்த வருடம் அரசாங்க நிறுவனங்கள் எல்லாவற்றிலும் ஊழியர் சபைகள் அமைக்கச் சொல்லியிருந்தார்கள். வேலை செய்கிறவர்களும் நிர்வாகத்தில் வாய் திறக்கலாம் என்பது அதன் நோக்கம். வளாகத்தின் வயல் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதியாக ஒஸ்வல்ட்டைத் தெரிவு செய்திருந்தார்கள். தமிழும் சிங்களமும் எழுதுவார், யாரோடும் சண்டைக்குப் போக மாட்டார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சபையின் முதல் கூட்டம் பெப்ரவரியில் நடக்க இருந்தது. கேட்க விரும்பும் விடயங்களை மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் மழைக்கோட்டு, கழிப்பறைக் கதவு, லீவு என்று எழுதிக் கொடுத்தார்கள். ஒஸ்வல்ட் ஒரு தாளில் ஒரே வரி எழுதி, காலைச் சாப்பாட்டின்போது திரேசம்மாவிடம் வாசித்துக் காட்டினார்: ‘செய்முறைப் பரீட்சைக்கு வராத சுட்டெண் 47க்குப் புள்ளி போட்டது யார்?’

திரேசம்மா ரொட்டியைத் தட்டில் போட்டுவிட்டு நின்றாள்.

“நீங்க அவங்க தாளக் கேப்பீங்க. அவங்க ஒங்க தாளக் கேட்டா?”

“கேக்கலாம்.”

“கேட்டா என்னா சொல்வீங்க?”

“இல்லன்னுதான் சொல்லணும்.”

“அப்ப இந்த வூடு? கொறற்றிக்குப் படிப்பு?”

ஒஸ்வல்ட் ரொட்டியைச் சாப்பிட்டார். கை கழுவும்போது சொன்னார்: “அறுவத்து மூணு பேரு வெயில்ல கொத்துனாங்க திரேசு. நான் பாத்துக்கிட்டு நின்னேன். நான் பாத்தத நானே பாக்கலன்னு எப்படிச் சொல்றது?”

“யாரு சொல்லச் சொன்னா? சும்மா இருக்கத்தானே சொல்றேன்.”

பிள்ளைக்குப் பாடசாலைப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தாளை ஒஸ்வல்ட் மத்தியானம் கந்தோரில் கொடுத்தார்.

கூட்டத்துக்குப் பணிப்பாளர் வீரக்கோன் தலைமை தாங்கினார். வெளிநாட்டில் மண்ணியல் படித்தவர். தொழிலாளர்களிடம் குரலை உயர்த்தாதவர். மழைக்கோட்டுக்கு ஒத்துக்கொண்டார். கழிப்பறைக் கதவுக்கும் ஒத்துக்கொண்டார். கடைசித் தாளை எடுத்து மனதுக்குள் வாசித்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார்:

“இந்தச் சபை ஊழியர் நலனுக்காக. மாணவர் அனுமதி இதன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.”

“அப்ப எந்தச் சபைங்க சேர்?” என்று ஒஸ்வல்ட்டும் சிங்களத்திலேயே கேட்டார்.

“கல்விக் குழு.”

“அதுல நாங்க இருக்கோமா?”

“இல்லை.”

“கல்விக் குழுகிட்ட யாரு கேள்வி கேப்பாங்க?”

“ஆளுகைச் சபை கேட்கும்.”

“புள்ளி போட்டது ஆளுகைச் சபை ஆளுக்குன்னு சொல்றாங்களே சேர்.”

வீரக்கோன் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். “நீங்கள் கேட்டதைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்கிறேன்” என்றார். அடுத்த வாரம் வந்த கூட்டக் குறிப்பில், ‘அனுமதி நடைமுறை தொடர்பாக விளக்கம் கோரப்பட்டது’ என்று மட்டும் இருந்தது. நாற்பத்தேழு என்ற எண் இல்லை.

ஒஸ்வல்ட் நேரடியாகப் பல்கலைக்கழகத் தலைமைக்கு ஒரு முறைப்பாடு எழுதத் தீர்மானித்தார். அழகமுத்து என்ற தொழிலாளியும் இன்னும் பத்துப் பேரும் தாங்களும் கையெழுத்துப் போடுகிறோம் என்று வந்தார்கள். அழகமுத்து பேனாவைக் கையில் எடுத்தும் விட்டான். ஒஸ்வல்ட் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஒனக்குச் சான்றிதழ் இருக்கா?”

“இல்லண்ணே. போன வருசம்தான் மறுபடி எழுதிப் போட்டேன்.”

“அப்ப வேணாம். ஒரு ஆளு போதும்.”

முறைப்பாடு ஒரு கையெழுத்தோடு மார்ச் மாதம் போயிற்று. ஏப்ரலில் நாடு முழுவதும் இளைஞர் கிளர்ச்சி. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், வளாகத்தை மூடினார்கள், மாணவர்கள் சிலரைப் பொலிஸ் கூட்டிப் போனது. மூன்று மாதம் யாருக்கும் பரீட்சைப் புள்ளி ஞாபகத்தில் இல்லை. ஒஸ்வல்ட் மட்டும் தினமும் வயலுக்குப் போய் வந்தார். மிளகாய் பறித்து முடிந்து, செடி பிடுங்கி, நிலம் உழுது, எள் விதைத்தாகிவிட்டது. பாத்திகள் இருந்த அடையாளமே இல்லை.

ஓகஸ்டில் எதிர்பாராமல் ஒரு விசாரணைக் குழு வந்தது. கிளர்ச்சிக்குப் பிறகு, கல்வி நிறுவனங்களில் இளைஞர்களுக்கு என்ன மனக்குறை என்று மேலிடம் தோண்டத் தொடங்கியிருந்தது. அந்தத் தேடலில் ஒஸ்வல்ட்டின் கடிதம் யாரோ ஒருவருடைய கோப்பில் அகப்பட்டிருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். அவரோடு வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியரும் அமைச்சு அதிகாரி ஒருவரும். கந்தோரின் நீண்ட மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள்.

வரவுத் தாளைக் கேட்டார்கள். தேடியும் கிடைக்கவில்லை என்று கந்தோர் சொன்னது. புள்ளி போட்ட விரிவுரையாளரைக் கேட்டார்கள். அவர் மேற்படிப்புக்கு அவுஸ்திரேலியா போய்விட்டார். புள்ளித் தாளில் அவருடைய கையெழுத்து இருந்தது. அதற்கு மேல் தனக்கு ஒன்றும் தெரியாது என்று பணிப்பாளர் சொன்னார். பிறகு ஒஸ்வல்ட்டைக் கூப்பிட்டார்கள்.

“பத்து மாதத்துக்கு முன்பு அறுபத்து நான்கு பேரில் ஒருவர் வரவில்லை. அது எப்படி உங்களுக்கு இத்தனை உறுதியாக ஞாபகம் இருக்கிறது?” என்று நீதிபதி கேட்டார்.

“ஞாபகம் வேணாங்க ஐயா. எழுதி இருக்கு” என்றார் ஒஸ்வல்ட்.

களக் குறிப்பேடு உரக் களஞ்சியத்தின் தட்டில் கிடந்தது. அதை எடுத்து ஒளிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே கந்தோருக்கு மறந்து போயிருந்தது. கொப்பி தமிழில் இருந்ததால் மொழிபெயர்க்க ரவூபை அழைத்தார்கள். பணிப்பாளர் எதிரே உட்கார்ந்திருந்தார். ரவூபுக்கு ஓய்வுபெற இன்னும் நான்கு வருடம் இருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் தமிழில் வாசித்து, பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். ஆள் வரவில்லை. பாத்தி சும்மா கிடக்கிறது. நான்கு நாள் தள்ளி இன்னொரு வரி: நாற்பத்தேழில் கௌபி விதைத்தோம். டிசம்பரில் ஒன்று: நாற்பத்தேழில் கௌபி பூத்திருக்கிறது, மிளகாய்க்கு இலைச்சுருட்டு. ஜனவரியில் ஒன்று: நாற்பத்தேழில் காய் பறித்தோம், இரண்டு கொத்து அளவு, விடுதிக் குசினிக்குக் கொடுத்தோம். ஒரு சொல்லையும் அவர் விடவில்லை, கூட்டவில்லை.

பேராசிரியர் பணிப்பாளரைப் பார்த்தார். “மிளகாய் நடுவில் கௌபி நின்றதை நீங்கள் பார்த்தீர்களா?”

“பார்த்தேன்” என்றார் வீரக்கோன்.

“என்ன நினைத்தீர்கள்?”

“ஏதோ பரிசோதனை என்று நினைத்தேன்.”

வெளியே வந்ததும் ரவூப் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார். ஒஸ்வல்ட் பக்கத்தில் போய் நின்றார். “நானா, ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?” என்று கேட்டார். “வாசிக்கச் சொன்னாங்க, வாசிச்சேன். அவ்வளவுதான்” என்றார் ரவூப்.

குழுவின் அறிக்கை ஒக்டோபரில் வந்தது. நடந்தது ‘நிர்வாகத் தவறு’ என்றும், சுட்டெண் நாற்பத்தேழின் அனுமதி செல்லாது என்றும், அடுத்து நின்றவருக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றும் அது சொன்னது. தவறைச் செய்தது யார் என்று சொல்லவில்லை. ஆளுகைச் சபை அறிக்கையைக் ‘கவனத்தில் எடுத்துக்கொண்டது’. சம்பந்தப்பட்ட உறுப்பினர் அந்த ஒரு கூட்டத்துக்கு மட்டும் வரவில்லை, அடுத்ததுக்கு வந்தார். அவருடைய தங்கை மகன் அதற்கு முன்பே படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தான்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு பரிந்துரையும் இருந்தது: வளாகத்தின் நியமனக் கோப்புகள் எல்லாவற்றையும் விதிகளின்படி சரிபார்க்க வேண்டும். யாரையும் குறிவைத்து எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் சரிபார்ப்பு ஒஸ்வல்ட்டின் கோப்பிலிருந்துதான் தொடங்கியது. முப்பது நாளுக்குள் பிரஜாவுரிமைச் சான்றிதழைச் சமர்ப்பிக்கும்படி கடிதம் வந்தது.

வீரக்கோன் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் ஒஸ்வல்ட் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“இதை நான் தொடங்கவில்லை” என்றார் வீரக்கோன். “ஆனால் விதி இருக்கிறது. உங்கள் கோப்பில் ‘பரிசீலனையில்’ என்றுதான் இருக்கிறது. இன்னும் பரிசீலனையில்தான் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், நான் அதை ஆளுகைச் சபைக்கு அனுப்புகிறேன். அவர்கள் அதைப் பார்க்க ஒன்றிரண்டு வருடம் ஆகும்.”

அவர் உதவி செய்யத்தான் பார்த்தார் என்று ஒஸ்வல்ட் பிற்காலத்தில் சொல்வதுண்டு. இந்தியாவோடு செய்த புதிய ஒப்பந்தத்தின் கீழ் ஒஸ்வல்ட் 1969இல் மறுபடியும் விண்ணப்பித்திருந்தது உண்மை. அதை மட்டும் எழுதினால் பொய்யாகாது. பழைய பதிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

“நாளைக்குச் சொல்றேங்க சேர்” என்றார்.

வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தார். திரேசம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சேலையைத் தூக்கிக் கடிதத்தை எடுத்தபோது அவள் தடுக்கவில்லை. சேலையை வாங்கி மறுபடியும் மடித்தாள். “எப்ப வூட்ட விடணும்?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் ஒஸ்வல்ட் 1957ஆம் ஆண்டுக் கடிதத்தைப் பணிப்பாளரின் மேசையில் வைத்தார். “இது என்கிட்ட இருந்துச்சுங்க. பதினாலு வருசமா நான் குடுக்கல. இப்ப மறுபடி எழுதிப் போட்டிருக்கேன், அதுக்குப் பதில் வரல. ரெண்டையும் போட்டு அனுப்புங்க.”

வீரக்கோன் கடிதத்தை வாசித்துவிட்டு, “ஏன்?” என்று கேட்டார்.

“நான் கேட்டதும் உள்ளதச் சொல்லுங்கன்னுதானேங்க சேர்” என்றார் ஒஸ்வல்ட்.

நியமனம் தொடக்கத்திலிருந்தே செல்லுபடியற்றது என்று தீர்மானமாயிற்று. எனவே ஓய்வூதியமும் இல்லை. 1971 டிசம்பர் முடிவில் வீட்டைக் காலி செய்தார்கள். அழகமுத்துவும் இன்னும் சிலரும் ஏற்கெனவே நாள்சம்பளத்தில் இருந்ததால் அவர்களை யாரும் தொடவில்லை. நிரந்தர நியமனம் உள்ள தொழிலாளர்கள் சிலர் ஒஸ்வல்ட் மீது கோபப்பட்டார்கள். அவர் வாயைத் திறந்ததால்தானே கோப்புகளைக் கிண்டினார்கள் என்றார்கள்.

றமீஸா 1972 ஜனவரியில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு விடயம் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகப்பனை இழுத்துக்கொண்டு, உக்குவளையில் திரேசம்மாவின் தம்பி செபஸ்தியனின் தோட்ட லயத்து ஒற்றை அறையான காம்பிராவில் ஒதுங்கியிருந்த ஒஸ்வல்ட்டைத் தேடி வந்தாள். அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள்.

“எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல. ஒங்கட வேலையப் பறிச்சித்தான் இந்த இடம் எண்டு தெரிஞ்சா நான் போயீக்க மாட்டேன்.”

“ஏன் போகாம? அது ஒங்க இடந்தானே” என்றார் ஒஸ்வல்ட். “எனக்கு ஒங்கள அன்னைக்கு யாருன்னே தெரியாதும்மா. ஆளு வராத பாத்திக்குப் புள்ளி போட்டாங்க, அதத்தான் கேட்டேன். என் வேல போனது என் கடிதாசியால.”

கலந்தர் தொண்டையைச் செருமினார். “ஒஸ்வல்ட், மிளகுத் தோட்டம் நாலு ஏக்கர் ஈக்கிது. பாக்க ஆள் இல்ல. நீங்க நாளைக்கே வரலாம்.”

நல்ல வேலை. வீட்டுக்குப் பக்கம். திரேசம்மா கணவனின் முகத்தைப் பார்த்தாள். ஒஸ்வல்ட் தலையை ஆட்டினார். “இப்ப வந்தா, இதுக்குத்தான் பேசினேன்னு ஆகிரும் முதலாளி. ஒங்க மக படிப்புக்கும் அது நல்லதில்ல.” கலந்தர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு திரேசம்மா அவரைத் திட்டினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் அப்படித் திட்டியதில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை வில்கமுவையில் கிடைத்தது. பழைய மாணவர் ஒருவர் அங்கே விவசாயப் போதனாசிரியராக இருந்தார். மாமரக் கன்றுகளும் தோடம்பழக் கன்றுகளும் ஒட்டுக் கட்ட ஆள் வேண்டும் என்று எழுதினார். நாளுக்கு இரண்டே பஸ். அதுவும் மழைக்காலத்தில் வராது. ஒஸ்வல்ட் அங்கே ஓலைக் கொட்டில் ஒன்றில் தங்கி, மாதத்துக்கு ஒரு தடவை உக்குவளைக்கு வந்தார். ஒரு வருடம் கழித்துத் திரேசம்மாவும் போய்ச் சேர்ந்தாள். மரிய கொறற்றி மாத்தளையில் கன்னியாஸ்திரீகளின் பாடசாலையில் தங்கி, சின்னப் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தாள்.

பதினெட்டு வருட வேலைக்கு ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு ஒஸ்வல்ட் 1973இல் ஆளுகைச் சபைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதற்கிடையில் பல்கலைக்கழகங்களையெல்லாம் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்து பழைய சபைகளைக் கலைத்திருந்தார்கள். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: ‘தாங்கள் விளித்துள்ள சபை தற்போது இல்லை.’ அதை அவர் இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சிரித்தார் என்று திரேசம்மா சொன்னாள். பிறகு எங்கும் எழுதவில்லை.

றமீஸா டிப்ளோமாவை முடித்தாள். பிரிவில் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ வரவில்லை, ஒன்பதாவது. மாத்தளையில் ஒரு அரசாங்க நாற்றுமேடையில் உத்தியோகம் கிடைத்தது. கலியாணமான பிறகும் வேலையை விடவில்லை. கன்று தேவைப்படும் போதெல்லாம் வில்கமுவைக்கு ஆள் அனுப்பி ஒஸ்வல்ட்டிடம் வாங்கினாள். விலையில் பேரம் பேசுவாள்.

பிரஜாவுரிமை 1976இல் வந்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ரவூப் ஓய்வுபெற்று ஒரு வருடமாகியிருந்தது. இருந்தும் அவர்தான் விசாரித்து, வளாகத்தில் களக் கண்காணிப்பாளர் இடம் காலியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார். ஒஸ்வல்ட் சான்றிதழை ஒரு பழைய பத்திரிகையில் சுற்றி எடுத்துக்கொண்டு நாலந்தாவுக்குப் போனார். கந்தோரில் எல்லாரும் புதிய முகங்கள். இளம் எழுதுவினைஞர் சான்றிதழைப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பிறகு பிறந்த திகதியைப் பார்த்தார். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு வயதெல்லை நாற்பத்தைந்து என்றார்.

“சரிங்க” என்றார் ஒஸ்வல்ட்.

அன்று செய்முறைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. அவர் வேலியோரம் கொஞ்ச நேரம் நின்றார். விரிவுரையாளர் புள்ளி போட்ட தாளில், பாத்தி வெட்டிய கண்காணிப்பாளரும் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வழக்கம் எப்போது வந்தது என்று ஒஸ்வல்ட் பக்கத்தில் நின்ற தொழிலாளியிடம் கேட்டார்.

“தெரியாதுங்க. நான் வந்ததிலருந்து இப்படித்தான்” என்றான் அவன்.

வில்கமுவைக்குக் கடைசி பஸ் இரண்டு மணிக்கு. மாத்தளைக்குப் போய் அதைப் பிடிக்க வேண்டும் என்பதால் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. மறுநாள் அங்கே முந்நூறு தோடைக் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்ட வேண்டியிருந்தது.